மொழியைப் பூட்டி வைத்து எத்தனை நாள் விற்பது?

எங்கள் அலுவலகத்தில் கொஞ்ச நாளாக ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கதைத்துக்கொண்டிருக்கிறோம். எங்களிடம் சொந்தமாக ஒரு ஸ்கிரிப்டிங் மொழி, அதாவது ஒரு மென்பொருளுக்குள்ளே விதிகளை எழுதிக்கொள்ள உதவும் குட்டி நிரலாக்க மொழி, இருக்கிறது. காப்புறுதிக் கம்பனிகளுக்கு நாங்கள் செய்து கொடுக்கும் மென்பொருளுக்குள்ளே ஓடுவது அது. இன்ன வயதுக்காரரின் இன்ன வாகனத்துக்குக் கட்டுப்பணம் எவ்வளவு, இழப்பீடு கேட்டு ஒரு கடிதம் வந்தால் அது முதலில் யாருடைய மேசைக்குப் போக வேண்டும், எந்தத் தொகைக்கு மேலே போனால் இரண்டாவது கையெழுத்து வேண்டும் என்பதையெல்லாம் வாடிக்கையாளர்களே அதில் எழுதிக்கொள்வார்கள். அந்த மொழியை இனி ஓபன் சோர்ஸ் ஆக்கி, அதை ஓட்டும் நிரலின் மூல வரிகளை (மூலக் கோட்டை) எல்லோரும் பார்க்கவும் பயன்படுத்தவும் மாற்றவும் விட்டுவிடுவதா, அல்லது இப்போது போலவே கம்பனிச் சொத்தாக வைத்து லைசன்ஸ் போட்டு விற்பதா என்பதுதான் கேள்வி.

நான் திறக்கச் சொல்லும் பக்கம். கூட்டங்களில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன், ஏனென்றால் கொழும்பில் எனக்குத் தெரிந்தே வேறு சில கம்பனிகளும் இப்படிச் சொந்தமாகக் குட்டி மொழிகளை வைத்துக்கொண்டு இதே இடத்தில் நிற்கின்றன.

முதலில் எதிர்ப்பக்கம், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. எங்கள் விற்பனைப் பிரிவில் இருக்கும் அண்ணை நேரடியாகவே கேட்டார்: "தம்பி, இத்தனை வருச உழைப்பைத் தூக்கிச் சும்மா குடுத்துப்போட்டு, நாளைக்குப் பிள்ளையளுக்குச் சம்பளம் குடுக்க எங்கை போறது?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் "அறிவு எல்லோருக்கும் பொது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு மொழியை உயிரோடு வைத்திருக்க ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். திறந்துவிட்டுப் பிறகு தாக்குப்பிடிக்க முடியாமல் மூடியவர்களும் இருக்கிறார்கள்.

லைவ்கோட் என்ற நிரலாக்க மொழி அதற்கு நல்ல உதாரணம். 1987 இல் பில் அட்கின்சன் ஆப்பிளுக்குச் செய்த ஹைப்பர்கார்ட் என்ற மென்பொருளில் ஹைப்பர்டோக் என்றொரு மொழி இருந்தது, சாதாரண ஆங்கில வாக்கியம் போலவே எழுதலாம், ஆசிரியர்களும் மருத்துவர்களும்கூட அதில் தங்களுக்கு வேண்டியதைச் செய்துகொண்டார்கள். அந்த வழியில் வந்ததுதான் எடின்பரோவில் இருக்கும் கம்பனியின் லைவ்கோட். 2013 இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி, கிட்டத்தட்ட 5 இலட்சம் பவுண் சேர்ந்ததும், அதை ஜிபிஎல் லைசன்ஸில் (மாற்றி வெளியிடுகிறவரும் தன் கோட்டைத் திறக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை) திறந்துவிட்டார்கள். மூடிய மென்பொருள் செய்து விற்க விரும்புகிறவர்கள் காசு கொடுத்து வேறு லைசன்ஸ் வாங்க வேண்டும், மற்றவர்களுக்கு இலவசம் என்பது ஏற்பாடு. 2021 இல் ஓபன் சோர்ஸ் பதிப்பை நிறுத்திவிட்டார்கள். இலவசமாக எடுத்தவர்களில் போதிய ஆட்கள் காசு கொடுக்கும் பக்கம் வரவில்லை. எங்கள் அண்ணை சொல்வதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

ஆனால் லைவ்கோட் விற்றது எதை என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் மொழியையும் அதை எழுதும் கருவியையும்தான் விற்றார்கள். இலவசமாகக் கொடுத்ததும் அதே பொருள், விற்றதும் அதே பொருள், இடையில் லைசன்ஸ் மட்டுமே வேறுபாடு. எங்கள் நிலைமை அப்படி இல்லை. எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர்கூட மொழிக்காக எங்களிடம் வரவில்லை. காப்புறுதித் தொழிலுக்கான முழு மென்பொருளுக்கும், அரையாண்டுக்கு ஒருமுறை மாறும் விதிமுறைகளை நாங்கள் கையோடு திருத்திக் கொடுப்பதற்கும், இரவு 11 மணிக்குப் பிரச்சினை வந்தால் தொலைபேசியை எடுப்பதற்கும்தான் காசு தருகிறார்கள். விலைப்பட்டியலில் மொழிக்கென்று தனி வரி ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் ஒவ்வொரு வருடமும் சண்டை நடக்கிறது. "நாங்களே எழுதின விதிகளை நாங்களே ஓட்டுறதுக்கு ஏன் தனியாகக் காசு?" என்று அவர்கள் கேட்பது எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

சரி, அவர்கள் எழுதிய விதிகள் யாருடையவை? ஒரு மொழியைச் செய்தவருக்கு அது சொந்தம் என்று சொல்வது சுலபம், அதில் மற்றவர்கள் ஆயிரக்கணக்கான வரிகளை எழுதிய பிறகு அது அவ்வளவு சுலபமாக இருப்பதில்லை. இதை நீதிமன்றங்களே போராடிப் பார்த்திருக்கின்றன. டிபேஸ் கதையைக் கேளுங்கள். நாசாவின் ஜெட் உந்து ஆய்வுக்கூடத்தில் ஜேபிஎல்டிஸ் என்று ஒரு தரவு மென்பொருள் இருந்தது. அங்கே வேலை செய்த வேய்ன் ரட்லிஃப், கால்பந்துப் பந்தயத்தில் எந்த அணி வெல்லும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காக, அதைப் பின்பற்றித் தன் சொந்தக் கணினியில் ஒன்றை எழுதினார். அதைத்தான் ஆஷ்டன்-டேட் கம்பனி டிபேஸ் 2 என்ற பெயரில் விற்றுப் பெரும் பணம் பார்த்தது. அதே மொழியில் எழுதிய கோப்புகளை இன்னும் வேகமாக ஓட்டிக்காட்டியது ஃபொக்ஸ் சொஃப்ட்வெயார் என்ற சின்னக் கம்பனி. 1988 இல் ஆஷ்டன்-டேட் வழக்குப் போட்டது. 1990 டிசம்பரில் நீதிபதி, டிபேஸின் மூலம் பொதுச்சொத்தான ஜேபிஎல்டிஸில் இருக்கிறது என்பதைப் பதிப்புரிமை அலுவலகத்துக்குச் சொல்லாமல் மறைத்தீர்கள் என்று ஆஷ்டன்-டேட்டின் பதிப்புரிமையையே செல்லாது என்றார். அடுத்த வருடம் அவரே அந்தத் தீர்ப்பைத் திரும்ப எடுத்தார். அதற்குள் ஆஷ்டன்-டேட்டை போர்லண்ட் வாங்க வந்தது, அமெரிக்க நீதித் திணைக்களமோ அந்த மொழியின் கட்டளைகளுக்கு உரிமை கோரி ஒருவர்மீதும் வழக்காடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் விட்டது. மொழியைப் பாதுகாக்கிறேன் என்று வழக்குக்குப் போன கம்பனி, வழக்கு முடிவதற்குள் வேறொருவரின் கைக்குப் போய்விட்டது.

ஐரோப்பாவில் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். புள்ளிவிபரவியலாளர்கள் பயன்படுத்தும் சாஸ் மொழியின் ஸ்கிரிப்டுகளை, சாஸின் மூலக் கோட்டைப் பார்க்காமலே ஓட்டக்கூடிய மென்பொருளை இங்கிலாந்தில் ஒரு கம்பனி செய்தது. வழக்கு மேலே போய், 2012 மே 2 ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம், மென்பொருளின் செயற்பாட்டுக்கோ நிரலாக்க மொழிக்கோ தரவுக் கோப்பின் வடிவத்துக்கோ கணினி நிரல் என்ற வகையில் பதிப்புரிமை இல்லை என்றது. கோட் உங்களுடையது, மொழி அப்படியல்ல. எங்கள் நாட்டின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கணினி நிரலுக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது, ஆனால் எண்ணக்கருவுக்கும் செய்முறைக்கும் கொடுப்பதில்லை. ஆகவே "நாங்கள் மூடி வைத்தால் ஒருவரும் தொட முடியாது" என்ற நம்பிக்கையில் கூட்டத்தில் கதைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். நாங்கள் திறக்காவிட்டால், எங்கள் மொழி உண்மையிலேயே நல்லதாக இருந்தால், வேறு யாராவது வெளியிலிருந்து அதைத் திரும்பச் செய்வார்கள். அப்போது அது எங்கள் கையில் இருக்காது.

அப்படி வெளியிலிருந்து திரும்பச் செய்த ஒன்றுதான் எனக்கு இந்த விஷயத்தில் கண்ணைத் திறந்தது. செட்டியார் தெருவில் எங்களுக்குத் தெரிந்த மாமா ஒருவருக்கு நகைக்கடை, பின்பக்கம் அடகு பிடிக்கும் பகுதி. அடகுக் கணக்கு முழுக்க, டிபேஸ் மொழியின் வழியில் வந்த கிளிப்பரில் எழுதிய ஒரு டொஸ் (விண்டோஸுக்கு முந்தைய காலத்து) நிரலில் ஓடியது. நீலத் திரை, மஞ்சள் எழுத்து, மேலே அடகு இலக்கம், கீழே பவுண், மஞ்சாடி, வட்டி. 90களில் அதை எழுதிக்கொடுத்த அண்ணை பிறகு கனடாவுக்குப் போய்விட்டார், ஆனால் போகும்போது மூலக் கோப்புகளை ஃப்ளொப்பியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பழைய கணினி பழுதாகி, கடைக்குப் புதிதாக வாங்கியதில் 64 பிட் விண்டோஸ். அது 16 பிட் டொஸ் நிரல்களை ஏறெடுத்தும் பார்க்காது. பில் போட முடியவில்லை, வட்டி பார்க்க முடியவில்லை, நகையை மீட்க வந்தவர்கள் கவுன்டரில் நிற்கிறார்கள், மாமா கையால் எழுதிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

கிளிப்பரை முதலில் விற்றது நன்டக்கெட் என்ற கம்பனி, 1992 இல் அது கம்ப்யூட்டர் அசோசியேட்ஸிடம் போனது. மூலக் கோட் வெளியே வரவில்லை. ஆனால் 1999 இல் உலகெங்கும் இருந்த கிளிப்பர் ஆட்கள் சிலர் சேர்ந்து, அதே மொழியைப் புரிந்துகொள்ளும் ஹார்பர் என்ற கம்பைலரை (எழுதிய வரிகளைக் கணினி ஓட்டும் நிரலாக மாற்றும் கருவி) திறந்த முறையில் எழுதத் தொடங்கினார்கள். மாமாவின் கோப்புகளை நான் ஹார்பரில் போட்டபோது பெரும்பகுதி அப்படியே ஏறியது. 90களில் கொழும்பில் எழுதிய வரிகள் 64 பிட் நிரலாகி ஓடின. வட்டி கணக்கிடும் பகுதியைத் திறந்து பார்த்தால், மாதம் முடியாமல் மீட்பவர்களுக்கு எப்படி, பழைய வாடிக்கையாளர்களுக்கு எப்படி, சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் கிழமையில் மீட்பவர்களுக்கு எப்படி என்று கடையின் வழக்கம் முழுவதும் அங்கே இருந்தது. வேறு எங்கேயும் அது எழுதப்பட்டிருக்கவில்லை, மாமாவுக்கே பாதி மறந்துபோயிருந்தது. ஏறாமல் நின்றது ஒரே ஒரு துண்டு: டொட் மெட்ரிக்ஸ் பிரின்டரில் ரசீது அடிப்பதற்காக அண்ணை அந்தக் காலத்தில் வாங்கிச் சேர்த்த ஒரு லைப்ரரி (வேறொருவர் ஆயத்தமாக எழுதி வைத்த கோட் தொகுப்பு), மூலம் இல்லாமல் கம்பைல் செய்த வடிவில் மட்டும் இருந்தது. அந்தப் பகுதியைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. திறந்திருந்த பகுதிக்கெல்லாம் சேர்த்து எடுத்த நேரத்தைவிட அந்த மூடிய துண்டுக்கு எடுத்த நேரம் அதிகம்.

எங்கள் காப்புறுதி வாடிக்கையாளர்களின் விதிகளும் இதே போலத்தான். அந்தந்தக் கம்பனியின் தொழில் வழக்கம் அவற்றுக்குள்தான் இருக்கிறது. நாளைக்கு எங்களை யாரோ வாங்கி, இந்தப் பொருளை நிறுத்துவோம் என்று முடிவெடுத்தால், அந்த விதிகளை ஓட்ட உலகத்தில் வேறு ஒன்றும் இல்லை. இதை அவர்களுடைய தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்காரர்கள் நன்றாக அறிவார்கள். இப்போதெல்லாம் புதிய ஒப்பந்தம் கதைக்கப் போனால் முதல் கேள்வியே "நீங்கள் இல்லாவிட்டால்?" என்பதுதான். மொழி திறந்திருந்தால் அதற்கு நேரான பதில் சொல்லலாம்.

ஸ்கிரிப்டிங் மொழிகளின் வரலாற்றில் எங்கள் கதைக்கு மிக நெருக்கமானது லூவா. 1993 இல் ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில், பெட்ரோப்ராஸ் எண்ணெய்க் கம்பனிக்கான வேலைகளுக்காக உருவானது. வெளிநாட்டு மென்பொருளை இறக்குவது பிரேசிலில் கடினமாக இருந்த காலத்தின் பழக்கத்தில், தேவையானதைத் தாங்களே செய்துகொண்டார்கள். 1994 இல் வெளியே விட்டபோது லைசன்ஸ் எங்கள் விற்பனைப் பிரிவு எழுதியது போலவே இருந்தது: படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் இலவசம், வணிகத்துக்கு என்றால் பேசி விலை வைப்போம். ஓரிருவர் விசாரித்ததோடு சரி, ஒரு வணிக ஒப்பந்தம்கூடக் கைகூடவில்லை. டிசிஎல் போன்ற மொழிகள் இலவசமாகக் கிடைக்கும்போது இதற்கு ஏன் பேரம் பேச வேண்டும் என்று எல்லோரும் விலகிப் போனார்கள். அடுத்த பதிப்பை, 1995 இல், எல்லாருக்கும் எதற்கும் என்று விட்டார்கள். பிறகுதான் விளையாட்டுக் கம்பனிகள் எடுத்தன, லூக்காஸ்ஆர்ட்ஸ் 1998 இல் வெளியிட்ட கிரிம் ஃபண்டாங்கோவில் அது இருந்தது. இன்று ரோப்லொக்ஸில் பிள்ளைகள் எழுதுவதும் லூவாவிலிருந்து கிளைத்த லூவாவ் மொழியில்தான், அதையும் ரோப்லொக்ஸ் 2021 நவம்பரில் திறந்துவிட்டது. ரியோவில் ஒரு பல்கலைக்கழக அறைக்குள் இருந்தவர்களால் உலகச் சந்தையில் விலை பேசி வெல்ல முடியவில்லை. கொழும்பிலிருந்து நாங்கள் பேசினால் மட்டும் வென்றுவிடுவோம் என்று நான் நம்பவில்லை.

எப்போது திறப்பது என்பதும் முக்கியம். அமீகா கணினியின் இயங்குதளக் கருவை எழுதிய கார்ல் சசன்ராத், 1997 இல் ரெபோல் என்று ஒரு மொழியைக் கொண்டுவந்தார். அழகான மொழி, சின்னது, இணையத்தில் செய்திகளைப் பரிமாறிக்கொள்வதற்காகவே யோசித்துச் செய்தது. உரிமையைக் கம்பனியே வைத்திருந்தது. மூன்றாவது பதிப்பின் மூலத்தை 2012 டிசம்பரில் திறந்தபோது, அதன் நல்ல ஆட்களில் பலர் வேறு இடங்களுக்குப் போய்விட்டிருந்தார்கள். அதற்கு முதல் வருடமே ரெட் என்ற திறந்த மொழி ரெபோலைப் பார்த்துத் தொடங்கியாயிற்று. கைவிடப்போகும் நேரத்தில் திறப்பதை நான் திறப்பதாகவே கணக்கில் எடுப்பதில்லை. உழைக்கும் ஆட்கள் உள்ளே இருக்கும்போது, வெளியிலிருந்து வரும் கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்ல ஆள் இருக்கும்போது திறக்க வேண்டும்.

இதையெல்லாம் வெளிநாட்டு உதாரணங்களால் சொல்லத் தேவையில்லை, கொழும்பிலேயே இருக்கிறது. டபிள்யூஎஸ்ஓ2 என்பது 2005 இல் தொடங்கிய மென்பொருள் கம்பனி, தொடக்கம் முதல் ஓபன் சோர்ஸ். அவர்கள் பலரினா என்ற மொழியை 2017 இல் வெளியே காட்டியபோதே அப்பாச்சி 2.0 லைசன்ஸில் (எடுத்து மூடிய பொருளுக்குள்ளும் சேர்க்கலாம் என்று விடுவது) விட்டார்கள், 2019 செப்டெம்பரில் 1.0 வந்தது, 2022 இல் ஸ்வான் லேக் பதிப்பு. மொழியின் வரையறை எல்லோரும் வாசிக்கும்படி இருக்கிறது. அதற்காகப் பைதன் அளவுக்கு உலகம் அதைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை, திறந்தால் கூட்டம் தானாக வரும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் திறந்ததனால் கம்பனி நொடிந்துபோகவில்லை. 2024 இல் ஈக்யூடி என்ற முதலீட்டு நிறுவனம் அதை 600 மில்லியன் டொலருக்கு மேல் மதிப்பிட்டு வாங்கியது. "திறந்தால் கம்பனிக்குப் பெறுமதி இல்லாமல் போய்விடும்" என்று அந்தக் கம்பனி வளர்ந்த இதே கொழும்பில் இருந்துகொண்டு ஒருவர் சொல்லும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு, இது எங்கள் நாட்டில் வேலை செய்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லாதது. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டபோது 200 ரூபாயளவில் இருந்த டொலர், இரண்டு மூன்று மாதத்தில் 360 வரை போனது. டொலரில் வருடாந்த லைசன்ஸ் கட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஒரே இரவில் செலவுக் கணக்கு மாறியது. காசு இருந்தாலும் வங்கியில் டொலர் இல்லை. லைசன்ஸ் புதுப்பிக்காவிட்டால் மென்பொருள் நின்றுவிடும் இடங்களில் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். திறந்த மொழிகளில் வேலை செய்தவர்களுக்கு அந்தக் கவலை ஒன்றாவது இல்லாமல் இருந்தது. பணம் இருந்தும் கதவு மூடலாம் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது: 2020 இல் அமெரிக்காவின் வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டதால், சீனாவின் ஹார்பின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மெட்லேப் என்ற கணிதக் கணிப்பு மொழியையும் மென்பொருளையும் பயன்படுத்த முடியாமல் போனது. மெட்லேப் அருமையான பொருள், மூடி வைத்தும் 1984 இலிருந்து நன்றாக ஓடும் வியாபாரம், அதை மறுக்கவே முடியாது. ஆனால் மொழியின் சாவி ஒரே கையில் இருக்கும்போது, அந்தக் கையை வேறு ஒரு அரசாங்கம் பிடித்துக்கொள்ளலாம். எங்களிடம் வாங்குகிறவர்களுக்கு நாங்கள்தான் அந்தக் கை. வங்கதேசத்திலோ கென்யாவிலோ இருக்கும் ஒரு சின்னக் காப்புறுதிக் கம்பனி எங்களால் அப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது.

ஆகவே நான் எழுதிக் கொடுத்த திட்டம் இதுதான். மொழியின் வரையறை, இன்டர்பிரிட்டர் (மொழியில் எழுதியதை வாசித்து ஓட்டும் நிரல்), டெஸ்டுகள் மூன்றும் அப்பாச்சி 2.0 இல் வெளியே போகட்டும். ஜிபிஎல் வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம், காப்புறுதிக் கம்பனிகளின் சட்டப்பிரிவுகள் அந்தப் பெயரைக் கேட்டதுமே கோப்பை மூடிவிடுகின்றன. (ஹார்பர் ஜிபிஎல்லைத் தழுவினாலும், அதில் கம்பைல் செய்யும் நிரலை மூடி விற்கலாம் என்று தனி விலக்கு வைத்திருக்கிறது. அதுவும் ஒரு வழிதான், ஆனால் விலக்கை விளக்கிக்கொண்டிருக்க எங்களுக்கு நேரமில்லை.) காப்புறுதிக்கான விதித் தொகுப்புகள், தணிக்கைப் பதிவுகள், திரையில் விதி எழுதும் கருவி எல்லாம் கம்பனிக்கே இருக்கட்டும், விலையும் அவற்றுக்கே இருக்கட்டும். மொழியின் பெயரை வர்த்தக முத்திரையாகப் பதிந்து வைப்போம், வேறு யாராவது மாற்றிச் செய்தால் வேறு பெயரில் செய்யட்டும். மிக முக்கியமாக, வெளியிலிருந்து கோட் தருகிறவர்களிடம் உரிமையை எழுதி வாங்கக் கூடாது. உரிமை முழுவதும் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை, கணினிச் சேவையகங்களை அமைக்கும் டெராஃபோர்ம் என்ற கருவியின் விஷயத்தில் பார்த்தோம்: 2023 ஆகஸ்டில் அதைச் செய்யும் ஹாஷிகோர்ப் கம்பனி திடீரென்று ஓபன் சோர்ஸ் அல்லாத லைசன்ஸுக்கு மாற்றியது, ஒன்றரை மாதத்துக்குள் பயனாளர்கள் பழைய கோட்டைப் பிரித்தெடுத்து, பின்னர் ஓபன்டோஃபு என்று பெயரிட்டு, லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் கொண்டுபோய்விட்டார்கள். திரும்ப மூடுவதை எங்களுக்கே கடினமாக்கிவிட்டால்தான் வெளியே இருக்கிறவர்கள் நம்பி வருவார்கள்.

இந்தக் கடைசிப் பகுதியைத்தான் முதலாளிமார் இன்னும் ஏற்கவில்லை. "நாளைக்கு மனம் மாறினால்?" என்கிறார்கள். மாறக் கூடாது என்பதற்காகத்தான் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இயக்குநர் சபை அடுத்த மாதம் கூடுகிறது. அதற்கு முன்னால் செய்ய ஒரு வேலை இருக்கிறது, அப்புறம் தள்ளிப்போட முடியாதது: இன்டர்பிரிட்டருக்குள்ளே எந்தக் கோப்பு யார் எழுதியது, எது வாடிக்கையாளர் ஒப்பந்தத்தின் கீழ் எழுதியது, எதில் வெளியார் லைப்ரரி ஒட்டியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பட்டியல் போடுவது. திகதிக் கணக்கும் நாணய மாற்றும் உள்ள பகுதிகளில்தான் சிக்கல் அதிகம், அவை இரண்டும் ஒரு பழைய வாடிக்கையாளருக்காகத் தனியாகச் செய்யப்பட்டவை, அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் அல்லது திரும்ப எழுத வேண்டும். அந்தப் பட்டியலை நான் தொடங்கிவிட்டேன். சபை மூடியே வைப்போம் என்று முடிவெடுத்தாலும் சட்டப்பிரிவுக்கு அது வேண்டும்.